நாலு விரல் உயரம்

ரம்பம் நின்றது ஒரு புதன்கிழமை காலை, பத்தே முக்கால் மணிக்கு. மாப்பிள்ளைக்கு நேரம் துல்லியமாகத் தெரியும். அது நின்றதும் அவன் முதலில் செய்தது கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். எதற்குப் பார்த்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் போய் அறுபத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த அறுபத்து நான்கு நாளில் அவன் செய்த பல காரியங்களுக்கு அவனிடம் காரணம் இல்லை.

அவள் அவன் மனைவி, அந்த வீட்டுக்கு ஒரே பெண். வீட்டுக்குப் பின்னாலேயே விறகுக் கிடங்கு. லாரியில் வந்து இறங்குகிற கட்டைகளைப் பெட்ரோல் ரம்பத்தால் முழம் முழமாக அறுப்பது அவள் வேலை. அறுத்ததைக் கோடாலியால் பிளப்பது அவள் அம்மா வேலை. பிளந்ததை வண்டியில் ஏற்றி ரொட்டிக் கடைக்கும் டீக்கடைகளுக்கும் கொண்டு போவது அப்பா வேலை. ஆறு வருடத்துக்கு முன் ரம்பம் அப்பாவின் கையில் இருந்தது. ஒரு கட்டை உருண்டு வந்து அவருடைய வலது தோளைக் கெடுத்தபின் வேலைகள் இப்படிப் பிரிந்தன. அதற்குப்பிறகு அவர் வலது கையால் தலை வாரிக்கொள்வதுகூட இல்லை.

மாப்பிள்ளை பட்டப்படிப்பு படித்தவன். லாரி அலுவலகத்தில் எழுத்து வேலை. ரம்பத்தை விட்டு அவளால் வர முடியாது என்பதால் கல்யாணமானதும் அவன் இந்த வீட்டுக்கு வந்துவிட்டான். தெருவில் அவனை ‘ரம்பக்காரி வீட்டுக்காரர்’ என்பார்கள். அவளுக்கு அதில் ஏகக் குஷி. "பேர் வாங்கிக் குடுத்திருக்கேன் பாருங்க. படிச்சு என்னத்தக் கிழிச்சீங்க" என்பாள். மூன்று வருடம் அப்படிப் போனது. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாள். பதினோராம் நாள் அவள் இல்லை. அவன் அலுவலகத்துக்குப் போகவில்லை. அங்கே அவன் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டான். கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

புதன்கிழமை ரம்பத்தை அவனாகத்தான் எடுத்தான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அறுத்த கட்டை தீர்ந்துகொண்டிருந்தது. வானம் இருண்டு கிடந்தது. மாமனார் வண்டியோடு வெளியே போயிருந்தார். டாங்க் காலியாக இருந்ததால், தன் பைக்குக்கு வாங்கி வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினான். கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தான். பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் ஜோராக ஓடியது. பிறகு எதையோ விழுங்க முடியாமல் விழுங்கியது போல ஒரு சத்தம். இழுத்துப் பார்த்தான். கயிறு வரவில்லை.

மாமியார் கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன ஊத்துனீங்க மாப்ள?"

"பெட்ரோல் அத்தை."

"எண்ணெய்?"

"எந்த எண்ணெய்?"

அவர் உள்ளே போனார். கிடங்குப் பக்கத்து அறையில் ஒரு மர அலமாரி உண்டு. தரை ஈரம் ஏறாமலிருக்க அதன் நாலு மூலைக்கு அடியிலும் மரத்துண்டுகள் கொடுத்திருந்தார்கள். அந்தச் சந்தில் கையை விட்டு, படுக்கப் போட்டிருந்த ஒரு பாட்டிலை உருட்டி எடுத்து வந்தார். அதன் மேல் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு.

"ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இந்தக் கோடு வரைக்கும் எண்ணெய் ஊத்திக் கலக்கணும். இல்லேன்னா உள்ள உராஞ்சு ஒட்டிக்கும். அவ தினம் கலக்குவாளே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறான். மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறான். கலக்கும்போது அவள் நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வாள். அவன் அதைத்தான் பார்த்தான்.

மத்தியானம் மாமனார் வந்ததும் அவனே சொன்னான். அவர் ரம்பத்தைத் தூக்கி ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். கீழே வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார். திட்டியிருந்தால் ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும். இது கோபமா, கோபம் இல்லையா, கோபப்படுகிற அளவுக்கு அவன் அந்த வீட்டுக்கு உரியவன் இல்லை என்பதா, எதுவும் விளங்கவில்லை.

"என் மேல கோவமா மாமா?"

"எதுக்கு?"

"மெஷின..."

"மெஷினா" என்றார் அவர். கை கழுவ எழுந்து போனார்.

மறுநாள் மூன்று பேரும் மெஷின் கடைக்குப் போனார்கள். கடைத்தெருவின் கோடியில், பம்பு செட்டும் புல் வெட்டுகிற மெஷினும் தொங்குகிற கடை. விற்பதும் ரிப்பேர் செய்வதும் ஒரே ஆள்தான். எதைப் பற்றிப் பேசினாலும் அது தன் வீட்டுப் பிள்ளை போலப் பேசுகிறவர். ரம்பத்தின் வயிற்றைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்.

"பாருங்க. பூனை பிறாண்டுன மாதிரி இருக்கு. எண்ணெய் இல்லாம ஓடியிருக்கு. இதுக்குச் சாமான் வர்றதில்ல. வந்தாலும் பண்றதுல பிரயோஜனம் இல்ல. யாரு ஓட்டுனது?"

"நான்" என்றான் மாப்பிள்ளை.

கடைக்காரர் அவனைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார். பிறகு உள்ளே போய் இரண்டு ரம்பங்களைத் தூக்கி வந்து மேஜை மேல் வைத்தார். ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

"இவரு பெரியவரு. எவ்வளவு மொத்தக் கட்டையா இருந்தாலும் அசர மாட்டாரு. இறங்குனா இறங்குனதுதான். ஆனா நாலு மணி நேரம் புடிச்சீங்கன்னா சோத்துக் கை வாய்க்குப் போகாது. இது சின்னது. கைக்குழந்தை. நாள் பூரா இடுப்புல வச்சுக்கலாம். மொத்தக் கட்டையில வச்சா அழும். அழுதுன்னு மேல அமுக்குனா செயின் சூடாகி மழுங்கிப் போகும். பொறுமை இருக்குறவங்களுக்குத்தான் இது."

"எடை?" என்றார் மாமனார்.

"சின்னது பெட்டியில நாலே முக்கால் போட்டிருப்பான். அது வெறும் எஞ்சின். செயின் ஓடுற பார் மாட்டி, பெட்ரோல் எண்ணெய் எல்லாம் ஊத்துனா ஆறு. பெரியவரு பெட்டியில ஆறு, கையில எட்டு. அவன் காலி வயித்த நிறுத்தி எழுதுவான். நாம சாப்ட வயித்தத்தான தூக்கணும்." அவர் இரண்டு ரம்பத்தையும் மாறி மாறித் தட்டிக்கொடுத்தார். "சரி, யாரு புடிக்கப் போறது?"

மாமியார் தொங்குகிற புல்வெட்டியைப் பார்த்தார். மாமனார் தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை பெரிய ரம்பத்தின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடுவுல ஒண்ணு இருக்கா?" என்றான் கடைசியில்.

"இருக்கும். ஆளு யாருன்னு தெரியாம நடுவுல உள்ளத எடுத்தா யாருக்கும் ஆகாது. ஆளச் சொல்லுங்க, மெஷினச் சொல்றேன்."

"யோசிச்சுட்டு வரோம்" என்றார் மாமனார்.

திரும்புகிற வழியெல்லாம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவன் யோசித்தான். பெரியது வாங்கினால் அதைப் பிடிக்க ஓர் இளவட்டம் வேண்டும். அப்படியென்றால் நீ இரு என்று அர்த்தம். சின்னது வாங்கினால் அத்தையே பிடித்துக்கொள்வார். நீ போகலாம் என்று அர்த்தம். அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. மகள் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை என்ற சொல் எத்தனை நாளைக்குச் செல்லும்? அதை யாரிடம் போய்க் கேட்பது?

தான் இருக்க விரும்புகிறானா என்று யோசித்தான். பல் மரத்துப்போன பின் நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல் இருந்தது. இருக்கிறது, ஆனால் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மாமனார் இரண்டு பிளாஸ்டிக் கேன்களை எடுத்தார். மண்ணைப் போட்டுப் போட்டுத் தராசில் நிறுத்தினார். ஒன்றில் சாக்கட்டியால் ஆறு என்றும் மற்றதில் எட்டு என்றும் எழுதினார். பிறகு என்ன தோன்றியதோ, செத்துப்போன ரம்பத்தையும் தராசில் வைத்தார்.

"ஏழு" என்றார்.

"ஏழா?" என்றார் மாமியார். "சரியாப் பாருங்க."

"ஏழுதான்."

"ஏழு கிலோவையா அந்தப் பொண்ணு நாள் பூரா..." மாமியார் அறுத்த கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பின்பக்கம் ஒட்டிய மரத்தூளைத் தட்டினார். "இப்ப என்னத்துக்கு இந்த மண்ணு?"

"ரெண்டு நாள் தூக்கிப் பாப்போம்."

"யாரு?"

"எல்லாரும்."

அந்த வீட்டில் எதையும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். பேசி முடிவு செய்கிற பழக்கம் இல்லை, தூக்கிப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆக இரண்டு நாள் மூன்று பேரும் மண் சுமந்தார்கள். மாமியார் ஒரு கையில் ஆறைப் பிடித்துக்கொண்டே மறு கையால் குழம்பைக் கிண்டினார். மாமனார் இடது கையில் எட்டைத் தூக்கிக்கொண்டு கிடங்கை நாலு சுற்றுச் சுற்றி, ஒன்றும் ஆகாதது போல் முகத்தை வைத்துக்கொண்டு, கேனை மெதுவாக இறக்கினார். மாப்பிள்ளை எட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். நேராக நின்றால் எட்டு ஒன்றும் பெரிய பாரமாகத் தெரியவில்லை. அப்புறம் ஏன் புதன்கிழமை கால் மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது என்று புரியவில்லை. அன்று பிடித்தது ஏழுதானே.

வெள்ளிக்கிழமை ரொட்டிக் கடைக்காரர் வந்தார். சட்டையில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். மூன்று பேரும் மாறி மாறிக் கேனைத் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்னக்கா, தண்ணி வரலையா?"

"மண்ணு" என்றார் மாமியார்.

"மண்ணா?"

"எடை பாக்குறோம்."

"தராசு கெட்டுப் போச்சா?"

"நீங்க வந்த விஷயத்தச் சொல்லுங்க."

அவர் சொல்லத் தயங்கினார். டீ வந்தது. குடித்தார். மழையைப் பற்றிச் சொன்னார். மாவு விலை பற்றிச் சொன்னார். பிறகு, "அக்கா, எனக்கு இன்னும் பத்து நாளைக்கு விறகு இருக்கு. அதுக்குள்ள வந்துட்டா ஒண்ணும் இல்ல. வரலேன்னா அடுப்ப கேஸுக்கு மாத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க. மாத்திட்டா அப்புறம் மறுபடி விறகுக்கு வர்றதுங்கறது..." என்று இழுத்தார். "பாப்பா இருக்கும்போது இந்தப் பேச்சே வந்ததில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு என்ன இருக்கு. ரொட்டி வேகணும்ல" என்றார் மாமனார்.

"யாரு அறுக்கப் போறது இனிமே?"

இவரும் அதையே கேட்டார். மாமியார் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ரொட்டிக் கடைக்காரர் போகும்போது எட்டுக் கேனை ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். "ஆத்தீ" என்று வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைக்கு அவன் அண்ணனிடமிருந்து போன். அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். மாப்பிள்ளை கொல்லைப் பக்கம் போய் நின்று பேசினான்.

"என்னடா பண்ற?"

"மண்ணு தூக்குறேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல, சொல்லுண்ணே."

"ஒரு குடோன்ல மேற்பார்வை வேலை. பேசி முடிச்சுட்டேன். ஒண்ணாம் தேதி வரச் சொல்றாங்க. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, உங்க அண்ணி கூட்டி வச்சிருக்கா."

"ம்."

"ம்முன்னா என்னடா அர்த்தம்? நீ அங்க இருக்குறது அவங்களுக்கும் சங்கடம்டா. பொண்ணு போன வீட்ல மாப்பிள்ளைய வச்சுக்கவும் முடியாது, போங்கன்னு சொல்ல வாயும் வராது. நீயாப் பாத்துக் கிளம்புனாத்தான் மரியாதை."

"பாக்கலாம்ணே."

"ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்க."

பின்னாலிருந்த ஜன்னலுக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை. போனை வைத்த பிறகு மறுபடி தண்ணீர் விழுந்தது.

இரவுச் சாப்பாடு சோறும் முட்டைப் பொரியலும். மாமியார் அவன் தட்டில் இரண்டாம் முறை சோறு வைத்துக்கொண்டே கேட்டார்.

"நல்ல வேலையா மாப்ள?"

"தெரியல அத்தை."

"போகணும்னு இருந்தா இங்க ஒண்ணும் நின்னுபோயிடாது. சின்ன மெஷினா வாங்கிட்டா நானே பாத்துக்குவேன்."

"கோடாலிய யாரு பாத்துக்குவா?" என்றார் மாமனார், தட்டைப் பார்த்தபடி.

"அதையும் நான்தான்."

"உனக்கு என்ன நாலு கையா?"

"இருக்குற ரெண்டும் ஒழுங்கா இருக்கே. உங்கள மாதிரியா?"

மாமனார் சிரித்தது போல் இருந்தது. சோற்றைப் பிசைந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "பெரிய மெஷின வாங்கி ஒருத்தர் கழுத்துல கட்டிவிடறது தப்பு" என்றார்.

மாப்பிள்ளை அதை மென்று பார்த்தான். ஒருத்தர் என்றால் தான். கட்டிவிடுவது தப்பு என்றால், போகவிடுகிறோம் என்பதா, போய்த்தொலை என்பதா? இருங்கள் என்று சொல்லக் கூச்சப்படுகிறார்களா, போங்கள் என்று சொல்லக் கூச்சப்படுகிறார்களா? இரண்டு கூச்சமும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. அவளாக இருந்தால் நடுவில் புகுந்து, "எல்லாரும் வாயில என்ன வச்சிருக்கீங்க, கொழுக்கட்டையா?" என்று கேட்டு உடைத்திருப்பாள். இந்த வீட்டில் பேசுகிற வேலையையும் அவள்தான் செய்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வேலைக்கும் இப்போது ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. பிளந்த விறகின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு அவன் திரும்பியபோது, கிடங்குக் கொட்டகைக்குள் யாரோ அறுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. கட்டை கிடத்துகிற தாங்கிக்கு முன்னால் கால்களை அகட்டி வைத்து, இடது காலைக் கொஞ்சம் முன்னால் போட்டு, இடுப்போடு கைகளை ஒட்டிக்கொண்டு. அவள் நிற்கிறபடியே. அதே உயரம். மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றான்.

அது மாமியார்தான். தாங்கியில் ஒரு கட்டை கிடந்தது. கட்டையை அறுப்பதற்குத் தரையில் போட மாட்டார்கள். எக்ஸ் மாதிரி இரண்டு ஜோடிக் கால் வைத்த மரத் தாங்கி ஒன்று உண்டு, அதன் மேல் கிடத்துவார்கள். மாமியார் ஆறு என்று எழுதிய கேனை இரண்டு கையாலும் பிடித்து, கட்டையின் மேல் இறக்கினார், ஏற்றினார், இறக்கினார். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். இருபதோ முப்பதோ ஆனதும் கேனை வைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து விட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்க்க உள்ளே போனார். அவனைப் பார்க்கவில்லை.

அவன் கொட்டகைக்குள் போனான். மாமியார் நின்ற இடத்தில் நின்றான். எட்டை எடுத்துக் கட்டையின் மேல் இறக்கினான். குனிய வேண்டியிருந்தது. ஐந்து முறை ஏற்றி இறக்கியதும் புதன்கிழமை வலித்த அதே இடத்தில் வலித்தது. அதை வைத்துவிட்டு ஆறை எடுத்தான். ஏழாவது முறையில் வலித்தது. கேனே இல்லாமல் வெறும் கையை மடக்கிக் குனிந்து நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அதற்கும் வலித்தது.

எட்டுக்கும் வலிக்கிறது, ஆறுக்கும் வலிக்கிறது, ஒன்றும் இல்லாததற்கும் வலிக்கிறது. அவன் தாங்கியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, கட்டை கிடக்கிற உயரத்துக்கும் தன் இடுப்புக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தான். நாலு விரல்.

குனிந்து தாங்கியின் கால்களைப் பார்த்தான். நாலு காலும் அடியில் அறுக்கப்பட்டிருந்தன. மற்ற இடமெல்லாம் கறுத்துப் போயிருக்க, அந்த அறுத்த முகம் மட்டும் பிறகு பிறந்தது போல் வெளிறியிருந்தது. அப்படியானால் இது முதலில் உயரமாக இருந்திருக்கிறது. மாமனார் இடுப்புக்கு இருந்ததை அவள் இடுப்புக்கு இறக்கியிருக்கிறார்கள். ஏழு கிலோவை அவள் ஒருநாளும் தூக்கிக்கொண்டு நின்றதே இல்லை. கட்டையின் மேல் உட்காரவைத்து நடத்தியிருக்கிறாள்.

அந்தத் தாங்கியை ஏற்றலாம் என்று இரண்டு மாதமாக யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் யாரும் வாய் திறக்கவில்லையா? அவன் தாங்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஏற்றினால் அது அவள் உயரம் இல்லை.

"மாப்ள, கடை மத்தியானத்துல மூடிடுவான்" என்று வெளியிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினார், ரம்பங்களை எடுக்க. "யோசிச்சாச்சா?"

"சின்னதக் குடுங்க" என்றார் மாமியார்.

"யாரு புடிக்கிறது, நீங்களாக்கா?"

"ஏன், ஆகாதா?"

"பேஷா ஆகும். மொத்தக் கட்டைக்குக் கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான். தரையில போட்டு அறுப்பீங்களா, தாங்கி இருக்கா?"

"தாங்கி இருக்கு."

"எவ்வளவு உயரம்?"

மாமியார் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அவர் காட்டியது தன் இடுப்பை இல்லை, அவளுடையதை என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. மாமனார் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அத நாலு விரல் ஏத்தணும்" என்றான் மாப்பிள்ளை.

மூவரும் அவனைப் பார்த்தார்கள். ஏதோ கேள்விக்குப் பதில் சொன்னது போல் அவனே அவன் குரலைக் கேட்டான்.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"அண்ணன்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றார் மாமியார் மெதுவாக.

"தெரியல அத்தை."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதுவும் தெரியல."

கடைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. "முதல்லயே இதச் சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சம்" என்று மாடிக்குப் போய், தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். "நடுவாந்திரம். உங்க கட்டையெல்லாம் ஒரு அடிக்கு மேல மொத்தம் இருக்காது. இதுக்கு நீளப் பார் வேணாம், குட்டையான பாரே போதும். நீளப் பாருன்னா மூக்குப் பாரம், முன்னால இழுத்துக்கிட்டே இருக்கும். மணிக்கட்டு போயிடும். இது எல்லாம் ஊத்தி ஏழுக்குக் கொஞ்சம் கம்மி. நீங்க வலிக்குதுன்னு வச்சா அக்காவும் எடுத்துப் புடிக்கலாம்." பெட்டியைத் திறந்தவர் ஞாபகம் வந்தவராக ஒரு விரலை நீட்டினார். "தம்பி, எண்ணெய்."

"தெரியும்" என்றான்.

"இப்பத் தெரியும்" என்றார் மாமனார்.

ரம்பம் நின்ற நாளிலிருந்து, அவன் எண்ணெய் ஊற்றாததைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு நட்டு ஒரு சுற்றுத் தளர்ந்தது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் நேரே கிடங்குப் பக்கத்து அறைக்குப் போனார். "அலமாரிய ஒரு பக்கம் தூக்குங்க" என்றார். மாப்பிள்ளை தூக்கினான். அவர் அடியிலிருந்த மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். மறுபக்கமும் தூக்கி மற்ற இரண்டையும் எடுத்தார். நாலையும் கொட்டகைக்குக் கொண்டுபோய், தாங்கியைக் கவிழ்த்து, ஒவ்வொரு காலின் அடியிலும் வைத்துப் பார்த்தார். ஒன்று மாறிப் போய்விட்டது. மாற்றி வைத்தார். சாய்வும் அகலமும் அச்சாகப் பொருந்தின. ஆறு வருடத்துக்கு முன் அவர் கையாலேயே அறுத்தெடுத்த துண்டுகள்.

"தூக்கிப் போட மனசு வரல" என்றார். "அலமாரிக்கு ஆச்சு."

இடது கையால் துளை போட்டு, மர முளைகளை வைத்துத் தட்டினார். வலது கை உதவிக்கு வருவது போல வந்து பாதியில் நின்றது. மாப்பிள்ளை துண்டுகளை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"ஆணி அடிச்சா இன்னும் உறுதியா இருக்குமே மாமா."

"ஆணி வேணாம். முளைன்னா எப்ப வேணும்னாலும் கழட்டிக்கலாம்."

எப்ப வேண்டுமானாலும் என்றால், நீ போகிறபோதா, உன் அத்தை பிடிக்கிறபோதா என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. தாங்கியை நிமிர்த்தி வைத்தார்கள். நிறுத்திய பிறகு அது ஏதோ புதிதாக வாங்கிய சாமான் போல் தெரிந்தது. மாமியார் வந்து பார்த்தார். கட்டையைக் கிடத்தி, அதன் முன்னால் ஒரு தடவை நின்று பார்த்தார். அவர் மார்புக்குக் கீழே வந்தது. நகர்ந்து இடம் விட்டார்.

பாட்டிலைப் பழைய இடத்தில் வைக்கப் போனபோதுதான் அலமாரிக்கு அடியில் இப்போது சந்து இல்லை என்பது தெரிந்தது. தரையோடு ஒட்டிவிட்டது. மாமியார் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். கடைசியில் ஜன்னல் விளிம்பில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தினார். பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்து சிவப்புக் கோடு தனியாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை கலந்தான். கோடு வரை ஊற்றினான். போதுமா என்று கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தான். பெட்ரோலில் விட்டுக் குலுக்கினான். மாமியார் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மூன்றாவது இழுப்பில் ரம்பம் பிடித்தது.

கட்டையில் வைத்தான். குனிய வேண்டியிருக்கவில்லை. ரம்பத்தின் பல் மரத்தைக் கவ்வியதும் பாரம் கையை விட்டுக் கட்டைக்குப் போனது. அவன் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான். ஈரத் தூள் காலடியில் குவிந்தது. முதல் துண்டு விழுந்தது, கோணலாக. இரண்டாவது அதைவிடக் கோணல் குறைவு. மாமியார் கோணல் துண்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோடாலிக்குக் கொண்டு போனார். சட்டைப் பையில் போன் நடுங்குவது போல் இருந்தது. உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்ததால் அது போனா, ரம்பமா என்று சொல்ல முடியவில்லை.

டாங்க் தீர்ந்து ரம்பம் தானாக நின்றபோது எடுத்துப் பார்த்தான். அண்ணனிடமிருந்து மூன்று அழைப்பு.

கோடாலி நின்றது. "கூப்பிட்டுப் பேசுங்க மாப்ள" என்றார் மாமியார், பிளக்க வைத்த கட்டையைப் பார்த்தபடி.

"இந்தக் கட்டை முடியட்டும் அத்தை."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்குப் போய், பாட்டிலை எடுத்து, சிவப்புக் கோடு வரைக்கும் எண்ணெயை மறுபடி அளந்தான்.